அம்மாவுக்கு 74, இந்த வருஷமும் நாலு படி அரிசி ஊறப்போடுவாங்களாம், என்ன பண்ண?

லோயர்பெர்த்காரி:

ரெண்டு விஷயத்தை கலந்து கேக்குறேன், நீளமா போச்சுன்னா பொறுத்துக்கோங்க.

ஆகஸ்ட் 18 காலைல எட்டு மணிக்கு போனை கையில வச்சுட்டு உக்காந்து தீபாவளிக்கு ஊருக்கு டிக்கெட் போட்டேன், அக்டோபர் 17 வெள்ளிக்கிழமை ராத்திரி எழும்பூர்ல இருந்து திருநெல்வேலி. முன்னாடி 120 நாளைக்கு முன்ன போடணும் இப்ப 60 நாள்தான், ஆனா ரெண்டு நிமிஷத்துல வெயிட்டிங் லிஸ்ட் ஆகுறது மட்டும் மாறவே இல்ல. அவசரத்துல எந்த பெர்த் வேணும்னு கூட போடல. எப்படியோ கன்ஃபர்ம் ஆச்சு, பாத்தா லோயர் பெர்த். தீபாவளி கூட்டத்துல கேக்காமலே லோயரான்னு எனக்கு ஒரே ஆச்சரியம், ஆபீஸ்ல பெருமையா சொன்னேன். பக்கத்து சீட் தம்பி, "அக்கா, லேடீஸுக்கு 45 ஆயிட்டா, காலியா இருந்தா சிஸ்டமே குடுக்கும்க்கா, சீனியர் சிட்டிசன் மாதிரி"ன்னான். ஜூன்ல தான் 45 முடிஞ்சுது. வீட்ல ஒருத்தருக்கும் என் பிறந்தநாள் ஞாபகம் இல்ல, ரயில்வேக்கு இருந்திருக்கு.

சரி அது போகட்டும். அன்னைல இருந்து எனக்கு என்னன்னா, இந்த பண்டிகை மேலயே ஒரு அலுப்பு. முன்னெல்லாம் ஒரு மாசம் முன்னாடியே துணி என்ன கலர்னு மண்டைல ஓடும், இப்ப தீபாவளின்னாலே டிக்கெட், லீவு லெட்டர், யாருக்கு எவ்வளவு போனஸ், அம்மாவோட முட்டி வலி, இதுதான் ஓடுது.

இதுல அம்மா வேற. 74 ஆச்சு, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, கீழ உக்காரவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிருக்கார். இருந்தாலும் முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து மூணையும் வீட்லதான் சுடுவேன்னு ஒரே பிடிவாதம். போன வருஷம் எண்ணெய் தெறிச்சு முழங்கை பக்கம் கொப்புளம், அதை சேலை முந்தானைய போட்டு மறைச்சே ரெண்டு நாள் ஓட்டிட்டாங்க, கிளம்புற அன்னைக்கு நான் பையை வாங்கும்போதுதான் பாத்தேன். கடையில வாங்கிக்கலாம்மான்னு சொன்னா, "ஏட்டி, கடைச் சரக்கையா தட்டுல வச்சு குடுக்கச் சொல்லுத?"ங்கிறாங்க. அல்வாவை மட்டும் காலங்காலமா கடையிலதான வாங்குறோம், அதுக்கு மானம் போகலையான்னு கேட்டேன். மூணு நாள் போன் எடுக்கல.

இத்தனைக்கும் சாப்பிட ஆளில்ல. அம்மாவுக்கு சுகர், எனக்கு பார்டர்லைன், பசங்க சிப்ஸ் பாக்கெட் தேடுதுங்க. போன தடவை கார்த்திகை விளக்குக்கு போனப்போ கூட டின்ல அதிரசம் இருந்துச்சு. நீங்கள்லாம் வீட்ல இதை எப்படி நிறுத்துனீங்க? நிறுத்தத்தான் வேணுமா?

வடைச்சட்டி:

முதல்ல ஒரு கேள்வி சிஸ்டர், உங்களுக்கு அண்ணன் தம்பி இருக்காங்களா? இருந்தா அவங்க எந்த அடுப்பு பக்கம் இருக்காங்க? இது வயசு அலுப்பெல்லாம் இல்ல, வேலை அலுப்பு. எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு தீபாவளி இருபது வருஷமா அப்படியேதான் இருக்கு: ஆறு டு ஏழு வெடி, எட்டு மணிக்கு இட்லியும் கறிக்குழம்பும், பத்து மணிக்கு டிவில பட்டிமன்றம், அதை பாத்துட்டே தூக்கம். பட்டிமன்றத்துல பேசுறவங்களுக்கு கூட நரைச்சு போச்சு, இவங்களுக்கு உற்சாகம் குறையல. ஏன் குறையும்?

நான் மூணு வருஷம் முன்ன ஒரு நாள் உக்காந்து கணக்கு போட்டேன், ஒட்டடை அடிக்கிறதுல இருந்து கடைசி டின்னை கழுவி கவுத்துறது வரைக்கும் எனக்கு பதினொரு நாள். வீட்டுக்காரருக்கு ஒரு நாள், அதுவும் வெடி வாங்க போன நாள். இப்ப மாவு பிசையறது அவர். கன்றாவியா பிசையறார், ஆனா பிசையறார்.

நாரோயில்_மழை:

அக்கா நாங்க கிறிஸ்துமஸ்காரங்க, ஆனா கதை ஒண்ணுதான். டிசம்பர் 20 தாண்டிட்டா எங்க வீட்ல அச்சு முறுக்கும் முந்திரிக்கொத்தும்தான். அம்மாவுக்கு 70. அச்சு முறுக்கு தெரியும்ல, அச்சை முதல்ல எண்ணெயில நல்லா காய வச்சுதான் மாவுல முக்கணும், அதுவும் முக்கால் அச்சு வரைக்கும்தான், மேல மாவு ஏறிட்டா கழண்டு விழாது. அச்சு காஞ்சிருச்சான்னு எங்கம்மா மாவுல முக்குற அந்த சத்தத்துலயே சொல்லிருவாங்க. எனக்கு பத்து வருஷமா அந்த சத்தம் கேக்கவே இல்ல, எல்லாம் ஒரே சத்தமாதான் இருக்கு.

நாங்க என்ன செஞ்சோம்னா அம்மாவை நிறுத்தல, நாற்காலில உக்கார வச்சோம். டேபிள் உயரத்துக்கு ஒத்தை அடுப்பை ஏத்தியாச்சு, எண்ணெய் பக்கம் அம்மா கை போகக் கூடாது, அது மட்டும்தான் சட்டம். அச்சு என் கையில, கரண்டி தம்பி கையில, வாய் மட்டும் அம்மாகிட்ட. நிம்மதியா இருக்கும்னு மட்டும் நினைக்காதீங்க, "தீய கொற", "என்ன இப்பிடி கருக்குத", "எங்க மாமியார் பாத்தா அடுப்புல தூக்கி போட்டிருப்பா"ன்னு ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் வர்ற வரைக்கும் ஓடும். ஆனா கை சுடல.

அப்புறம் முறுக்கு பிழிய உங்க அம்மாகிட்ட இருக்கிறது பித்தளை அச்சா? அந்த ரெண்டு கைப்பிடி அச்சை அமுக்குறதுக்கு இந்த வயசுல மணிக்கட்டு போயிரும். திருகுற அச்சு வாங்கிக் குடுங்க.

ஓய்வூதியன்_71:

வணக்கம்மா. ஆம்பளைங்க லோயர் பெர்த்துக்கு 60 வரைக்கும் காத்திருக்கணும், உனக்கு 45லயே கிடைச்சிருக்கு, சந்தோஷப்படு. எனக்கு 60 ஆனப்போ டிக்கெட்ல நாப்பது சதவீதம் தள்ளுபடியும் இருந்துது, 2020 மார்ச்சோட அது நின்னு போச்சு. வயசானதுக்கு கிடைச்ச ஒரே லாபமும் போச்சேன்னு என் வீட்டம்மா சொல்லுவா.

நான் அந்தப் பக்கத்துல இருந்து எழுதறேன், அதாவது நிறுத்தப்பட்ட கட்சி. தஞ்சாவூர் பக்கம் எங்க வீடு. ரெண்டு வருஷம் முன்ன பையன் பெங்களூர்ல இருந்து எல்லாத்தையும் ஆர்டர் பண்ணிட்டான், பெட்டி பெட்டியா வந்துது, தீபாவளி லேகியம் உட்பட. லேகியம்னா சுக்கு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை எல்லாம் இடிச்சு வெல்லம் போட்டு கிளறி, நெய் பிரிஞ்சு வர்ற நேரத்துக்கு வீடே மணக்கணும். இது பாட்டில்ல வந்துது, மூடில எக்ஸ்பைரி டேட் போட்டு. நல்லவன், எங்களுக்கு சிரமம் வேண்டாம்னுதான் செஞ்சான், குறை சொல்லல.

காலைல நாலரைக்கு எண்ணெய் வச்சு குளிச்சாச்சு, சாமி கும்பிட்டாச்சு, ஏழு மணிக்கு இட்லி சாப்பிட்டாச்சு. அதுக்கப்புறம் என்ன செய்யறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல. அவ ஹால்ல உக்காந்து விசிறிய பாத்துண்டிருந்தா. நான் புது வேட்டியோட போய் மோட்டார் ரூமை பெருக்கினேன். பேரன் வந்து "தாத்தா இன்னிக்கு லீவு தானே"ன்னு கேட்டான். போன வருஷம் லேகியம் மட்டும் நாங்களே கிளறினோம், கால் கிலோ வெல்லம், அவ்வளவுதான். அவ இடிக்க, நான் கிளற, பாதி நேரம் சண்டை.

நாலு படின்னு எழுதியிருக்கே. சாப்பிட ஆளில்லன்னும் எழுதியிருக்கே. அந்த நாலு படி எந்தக் கணக்குன்னு அம்மாகிட்ட கேட்டியா?

குவைத்_ராத்திரி:

நமக்கு தீபாவளி வேலை நாள் அக்கா. ஊர்ல நாலரைன்னா இங்க ராத்திரி ரெண்டு. அந்த நேரத்துக்கு வீடியோ கால் வரும், அம்மா என் பொண்ணு தலைல எண்ணெய் வைக்கிறத படுத்துட்டே பாப்பேன். ஆறு வருஷம் முன்ன நின்னுட்டு வச்சாங்க, அப்புறம் ஸ்டூல்ல உக்காந்து, போன வருஷம் பாப்பா தரைல உக்கார அம்மா கட்டில்ல இருந்தே வச்சாங்க. வருஷத்துக்கு ஒரு தடவை பாக்குறதால எனக்கு மட்டும்தான் இது தெரியுது, வீட்ல இருக்கவங்களுக்கு தெரியல. எனக்கும் 41 ஆச்சு, போன்ல வர்ற மெசேஜை கையை நீட்டி வச்சுதான் படிக்கிறேன். முறுக்கை நிறுத்தாதீங்க. பார்சல் வரும்போது பாதி நொறுங்கிதான் வரும், பரவால்ல.

கடைச்சரக்கு:

எல்லாரும் உருகுறீங்க, நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன். சுடு எண்ணெய் சுடு எண்ணெய்தான், 74 வயசுல வழுக்கி விழுந்தா இடுப்பெலும்பு, எங்க பெரியம்மாவுக்கு அப்படித்தான் ஆச்சு, அதுக்கப்புறம் அவங்க அடுப்படிக்கே வரல. ஊர்ல வீட்டுக்கே வந்து சுட்டுக் குடுக்குற அக்காமார் இருப்பாங்க, விசாரிச்சு ஒரு நாள் கூலி குடுத்து கூப்பிடுங்க. பண்டிகை வாரத்துல கிடைக்க மாட்டாங்க, இப்பவே சொல்லி வைங்க.

லோயர்பெர்த்காரி:

எல்லாருக்கும் நன்றி. வடைச்சட்டி, ஒரு அண்ணன் இருக்கார், கோயம்புத்தூர்ல, தீபாவளி அன்னைக்கு காலைல கார்ல வந்து சாயங்காலம் அண்ணி வீட்டுக்கு போவார். உங்க பதினொரு நாள் கணக்கை அப்படியே அனுப்பினேன், ப்ளூ டிக் வந்துருச்சு, பதில் வரல.

ஐயா, நீங்க கேட்டதை நேத்து ராத்திரி அம்மாகிட்ட கேட்டேன். "அதென்ன கேள்வி, இருவத்திரண்டு வீட்டுக்கு வேண்டாமா?"ன்னாங்க. எந்த இருபத்திரண்டும்மா, சொல்லுங்கன்னேன். வரிசையா சொன்னாங்க, தெரு முனைல இருந்து. டீச்சர் வீடு, அவங்க பையன்கிட்ட மெட்ராஸ் போய்ட்டாங்க. மாவு மில்காரர் வீடு, பூட்டிக் கிடக்கு. எதிர் வீட்டு ஆச்சி, போன மாசிலதான் போனாங்க. மாடி வீடு, வித்தாச்சு, இப்ப யார் இருக்காங்கன்னே தெரியாது. இப்படியே ரெண்டு பேரும் சேர்ந்து எண்ணி முடிச்சப்போ ஏழு வீடு நின்னுச்சு. கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசல. அப்புறம் அவங்களே, "சரி, அப்ப ஒன்றரைப் படி போதும்"ன்னாங்க. நான் ஒண்ணே போதும்னேன். "மாடி வீட்டுக்கு புதுசா வந்தவாளுக்கு குடுக்காண்டாமா?"ன்னு ஒரு அதட்டல். சரி ஒன்றரை.

இப்போதைய ஒப்பந்தம்: முறுக்கு வீட்ல, மாவு பிசையறது அம்மா, பிழியறதும் சுடுறதும் நான், அம்மாவுக்கு நாற்காலி. அதுக்கு உதவிக்கு பக்கத்து தெருவுல ஒரு அக்காவை சொல்லி வச்சாச்சு. அதிரசம் இந்த வருஷம் கிடையாது, பாகு பதம் எனக்கு வராது, அம்மாவுக்கு நிக்க முடியாது. முந்திரிக்கொத்து கடையிலன்னு ஒத்துக்கிட்டாங்க, ஆனா தட்டுல வைக்கும்போது யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம்.

சனிக்கிழமை காலைல வந்து இறங்குறேன், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பாசிப்பயறு நல்லா வறுத்து போடுற முந்திரிக்கொத்து எங்க கிடைக்கும்? ரொம்ப கல்லு மாதிரி இருக்கக் கூடாது, அம்மாவுக்கு பல்லு செட்டு.