நம் பகுதி வேலைப் பட்டியலைத் தொகையை வைத்து எடை போடாதீர்கள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

தேரடி அண்ணன் போன வாரம் அனுப்பிய பட்டியலை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். வட சென்னை வளர்ச்சித் திட்டத்தில் திருவொற்றியூர்ப் பக்கம் வரும் வேலைகள், செய்யும் துறை, தொகை என்று வரிசையாக இருக்கிறது. வந்த பதில்களில் பாதி, ஒருவழியாக நம் பக்கமும் பார்வை திரும்பியதே என்ற மகிழ்ச்சி. மீதி, எல்லாம் கண்துடைப்பு என்ற கோபம். இரண்டு தரப்பும் தொகையைப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள். அதனால்தான் இந்த நீண்ட மடல்.

தொகையை வைத்து ஒரு திட்டம் நல்லதா கெட்டதா என்று சொல்லவே முடியாது. இதே திட்டத்தைப் பாருங்கள். 2023 மார்ச் பட்ஜெட்டில் 3 ஆண்டுகளுக்கு 1,000 கோடி ரூபாய் என்று அறிவித்தார்கள். 2024 மார்ச் 14 அன்று தங்கசாலையில் முதல்வர் தொடங்கி வைத்தபோது அது 4,181 கோடி. பிறகு இன்னும் கூடியது. பணம் நாலு மடங்கானதால் திட்டம் நாலு மடங்கு நல்லதாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டோம். நம் பக்கத்துக்குப் பல ஆண்டுகளாக வராத பணம் வருகிறது, அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இன்றைக்கு நிலைமை என்ன, வேலை முடிந்த பிறகு எப்படி இருக்கும், இருக்கவில்லை என்றால் யார் பதில் சொல்வது? இந்த மூன்றும் தாளில் இருந்தால் அது திட்டம். இல்லையென்றால் அது செலவுப் பட்டியல்.

பட்டியலில் அடிக்கடி வரும் வரியையே எடுத்துக்கொள்வோம்: "மழைநீர் வடிகால் அமைத்தல்". எத்தனை மீட்டர், எவ்வளவு ரூபாய். அவ்வளவுதான். அந்தத் தெருவில் இப்போது தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று எங்கும் இல்லை. காய்ச்சல் எவ்வளவு என்று பார்க்காமல் மருந்து எழுதினால், நாளைக்குக் குறைந்ததா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

காலடிப்பேட்டையில் எங்கள் அக்கா வீட்டு வாசலில் புது வடிகால் வந்திருக்கிறது. கான்கிரீட் நன்றாகவே போட்டிருக்கிறார்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் தெருத் தண்ணீர் உள்ளே போவதற்குப் பக்கவாட்டில் வைத்த துளை, தார் ரோட்டின் மட்டத்தைவிட இரண்டு விரல்கடை மேலே நிற்கிறது. மழை பெய்தால் தண்ணீர் துளையின் விளிம்பு வரை வந்து நிற்கும், உள்ளே இறங்காது. அக்கா விளக்குமாற்றால் தள்ளித் தள்ளி விடுகிறாள். அடுத்த வருடம் ரோட்டின் மேலேயே இன்னொரு அடுக்கு தார் போட்டால் துளைக்குள் தண்ணீர் போகும், உண்மைதான். ஆனால் அப்போது வீட்டின் பேஸ்மட்டம் ரோட்டுக்குக் கீழே போய்விடும், தண்ணீர் வீட்டுக்குள் வரும். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிதாகப் போட வேண்டும் என்பது எழுதப்பட்ட விதி. வடிகால் போடுபவரும் ரோடு போடுபவரும் ஒரே மட்டத்தை வைத்து வேலை செய்ய வேண்டும் என்பதை எந்த வரியிலும் காணோம். பணிப் பதிவேட்டில் அந்தத் தெரு "முடிந்தது" என்றுதான் இருக்கும். இத்தனை மீட்டர் போட்டாயிற்று அல்லவா?

இதைவிடப் பெரிய சிக்கல் கடைசி முனையில் இருக்கிறது. நம் ஊர் தட்டையான ஊர், கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டர்தான். வடிகால்களில் பல பக்கிங்காம் கால்வாயில் போய் விழுகின்றன. கால்வாய் எண்ணூர் முகத்துவாரத்தோடு சேர்ந்திருப்பதால் கடல் ஏறும்போது அதிலும் தண்ணீர் ஏறும். புயல் நேரத்தில் கடலும் ஏறி, மேலிருந்து ஆற்று வெள்ளமும் வந்தால், வடிகால் வழியாகத் தண்ணீர் வெளியே போகாது, திரும்பி உள்ளே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எர்ணாவூர்ப் பக்கம் வீட்டுக்குள் வந்தது எண்ணெய் கலந்த வெள்ளம் என்பதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே கேட்க வேண்டியது வடிகாலின் நீளத்தை இல்லை. அது கால்வாயில் விழும் இடத்தில் அடிமட்டம் எவ்வளவு? கடல் ஏற்றத்தின்போது கால்வாயின் நீர்மட்டம் எவ்வளவு? எதிர்த்து வரும் தண்ணீரைத் தடுக்கக் கதவு உண்டா?

இந்த விவரங்கள் எங்குமே இல்லை என்று நான் சொல்லவில்லை. திருவொற்றியூர், மணலி, மாதவரம், அம்பத்தூர் மண்டலங்களுக்கான கொசஸ்தலையாற்று வடிநில வடிகால் திட்டத்துக்கு 2021இல் ஆசிய வளர்ச்சி வங்கி 25.1 கோடி டாலர் கடன் ஒப்புக்கொண்டது. அந்த வங்கி தன் விதிப்படி சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை முதலான ஆவணங்களை வெளியிட்டுத்தான் ஆக வேண்டும், வெளியிட்டும் இருக்கிறது. கடன் கொடுக்கும் வங்கிக்குச் சொல்லும் கணக்கைத் தெருவில் இருப்பவருக்குத் தமிழில், அவர் தெருவுக்கு மட்டும் இரண்டு பக்கத்தில் சொல்லலாமே. அதைக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

அடுத்தது கடற்கரை. மீனவர் குப்பத்து உறவுகள் மன்னிக்க வேண்டும், உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன், வெளியூரில் பிறந்த பிள்ளைகளும் இந்த மடலைப் படிப்பதால். நம் கடலில் மணல் வருடத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியபோது அந்த மணல் தெற்கே நின்றுவிட்டது. மெரினா அகலமானது, ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கரை கரைந்தது. கல் கொட்டினார்கள், பிறகு தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர், போட்டார்கள். வளைவு போட்ட இடத்தில் மணல் சேர்ந்து படகு நிறுத்த இடம் கிடைத்தது, நல்ல காரியம். ஆனால் ஒரு வளைவு மணலைப் பிடித்துக்கொண்டால் அதற்கு வடக்கே இருப்பவருக்கு அந்த மணல் போகாது. எர்ணாவூர், சின்னக்குப்பம், பெரியகுப்பம் என்று பாதிப்பு நகரும்.

ஆகவே "தூண்டில் வளைவு அமைத்தல்" என்று ஒரு குப்பத்தின் பெயருக்கு நேரே தொகை எழுதியிருந்தால், வடக்கே அடுத்த குப்பத்துக்கு என்ன ஆகும் என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். வார்டு எல்லை மணலுக்குத் தெரியாது. நம் குப்பத்துக்கு வளைவு வேண்டும் என்று மட்டும் நம் ஊர்ச் சங்கம் மனு கொடுத்தால், அந்த மனுவும் அரைகுறைதான். முகத்துவாரம் வரை மொத்தக் கரைக்கும் சேர்த்துக் கேட்போம்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை, ஊரில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். கட்டுவது ஒரு துறை, திறப்பு விழா முடிந்ததும் சாவி இன்னொருவரிடம், அவருக்கு வாட்ச்மேன் சம்பளத்துக்குப் பணம் கிடையாது. விளையாட்டுத் திடல், சமுதாயக்கூடம் எதுவானாலும் பராமரிப்பு யார் கணக்கு என்ற ஒரு வரி இல்லையென்றால் அந்த வேலைக்கு நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன்.

அப்புறம், திட்டத்தை யார் தீட்டுவது என்ற விஷயம். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. உள்ளாட்சிக்குத் தரத்தக்க 18 பொறுப்புகளில் முதலாவதே நகரத் திட்டமிடல். பெருநகரத் திட்டக் குழுவில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சிப் பிரதிநிதிகள் தங்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுத்தவர்கள் இருக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. சென்னையில் நடப்பது என்ன? நகரம் எப்படி வளர வேண்டும் என்று சொல்லும் முழுமைத் திட்டம் மாநில அரசின் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) கையில். வட சென்னைத் திட்டத்தை ஒருங்கிணைப்பதும் அதுவே. 2016 முதல் 2022 வரை மாநகராட்சியில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. 2022இல் வார்டு குழு, வார்டுக்குள் மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் வந்தன. பட்டியலில் உள்ள ஒரு வேலையாவது பகுதி சபையில் மக்கள் கேட்டு வந்ததா என்று பார்க்க வேண்டும். கேட்டதும் கொடுத்ததும் பொருந்தினால் தாராளமாகப் பாராட்டுவோம்.

நான் இப்போது இருக்கும் இங்கிலாந்தில் உள்ளூர்க் கவுன்சில் தன் பகுதிக்கான வளர்ச்சித் திட்டத்தைத் தானே நல்லது என்று சொல்லிக்கொள்ள முடியாது. தனி ஆய்வாளர் ஒருவர் வந்து பொது விசாரணை நடத்துகிறார். உள்ளூர்த் தேவையைத் தீர்க்குமா, ஆதாரம் இருக்கிறதா, நடைமுறையில் நடக்குமா, தேசியக் கொள்கையோடு ஒத்துப்போகிறதா என்று நாலு கேள்வி. திருத்தம் கேட்டு எழுதிய குடிமகனும் நேரில் போய்ப் பேசலாம். இங்கேயும் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் இழுக்கின்றன, எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. ஆனால் தாளில் இருப்பதை வெளியாள் ஒருவர் கேள்வி கேட்பார் என்று தெரிந்தாலே எழுதும் விதம் மாறுகிறது. நம்மூருக்கு அப்படி ஓர் ஆய்வாளர் வரும் வரை நாமே கேட்போம்.

சரி, என்ன செய்யலாம்? சங்கத்தில் சேர்ந்திருக்கும் பணத்தில் பள்ளிக்கு இன்னும் சில கணினி வாங்கலாம் என்று பேச்சு வந்தது. இந்த ஒரு வருடம் அதைத் தள்ளி வைத்துவிட்டு, ஊரில் ஒரு சர்வேயரை வைத்து, ஆண்டுதோறும் தண்ணீர் நிற்கும் தெருக்களில் ரோடு, வீட்டு வாசல், வடிகால் துளை, கால்வாய் முனை என்று ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து லெவல் எடுக்கலாம் என்பது என் வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே எடுத்துவிட்டால், மழை வரும்போது எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் தண்ணீர் நின்றது என்பதை அந்தந்தத் தெருக்காரர்களே குறித்து வைக்கலாம். அதைக் கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் கொடுத்தால், வெறும் புகார் மனு மாதிரி ஒதுக்கி வைக்க முடியாது.

விரிவான திட்ட அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தியக் குடிமக்கள்தான் மனு போட முடியும், ஆகவே வேறு நாட்டு பாஸ்போர்ட் எடுத்தவர்கள் ஊரில் இருக்கும் தம்பி தங்கை பெயரில் போடச் சொல்லுங்கள். டெண்டர் ஆவணங்கள் அரசின் டெண்டர் இணையதளத்தில் கிடைக்கும். அளவுப் பட்டியலைப் படிக்கத் தெரிந்த சிவில் படித்த பிள்ளைகள் வளைகுடாவில் நம் ஆட்களிடையே நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆளுக்கு ஒரு வேலையை எடுத்துக்கொண்டால் போதும்.

சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டத்தின் காலம் 2026 வரைதான். அடுத்தது 2046 வரைக்கானது. அதன் வரைவு மீது கருத்துக் கேட்கும்போது நம் கையில் இந்த லெவல் கணக்கு இருந்தாக வேண்டும்.

சர்வேயர் செலவுக்குச் செயலாளர் அண்ணன் ஒப்புதல் தந்தால், ஊரில் ஆள் பார்க்கும் பொறுப்பை அக்காவின் மகன் ஏற்றுக்கொள்கிறேன் என்றிருக்கிறான். லெவல் எடுக்க வேண்டிய தெருக்களின் பெயரை இந்த மடலுக்குப் பதிலாக எழுதுங்கள். குப்பத்துத் தெருக்களை விட்டுவிடாதீர்கள், போன முறை அவை விடுபட்டுப்போயின.

அன்புடன்,
காலடிப்பேட்டைத் தம்பி
லெஸ்டர்