அந்த நடன வீடியோவில் வடிவேலுவை ஒட்டலாமா?

ரங்கூன் முத்து:
நேற்று நம் குழுவில் ஒரு தம்பி பழைய மீம் ஒன்றைப் போட்டிருந்தார். மியான்மரில் (பர்மாவில்) ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரி 1 காலை, தலைநகர் நேப்பிடோவில் ஒரு உடற்பயிற்சி ஆசிரியை ஆடிக்கொண்டிருப்பார், அவருக்குப் பின்னால் ராணுவ வண்டிகள் வரிசையாக நாடாளுமன்றம் பக்கம் போகுமே, அந்தக் காட்சிதான். ஓரத்தில் வடிவேலு முகம். எல்லாரும் சிரித்துத் தள்ளியிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை போன் செத்துக் கிடந்தது. தட்டோனில் தங்கச்சி நிறைமாதம். எப்படி இருக்கிறாள் என்று கேட்க வழியில்லை. ஆளுக்கு முன்னால் ஆளாக ஏடிஎம் வாசலில் நின்றோம். அந்த வண்டிகள் எதற்குப் போயின என்று தெரிந்தவர் இதைச் செய்யலாமா?

கமாயுட் செல்வி:
அண்ணே, நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். ஆனால் சென்னையில் இருக்கும் என் அண்ணன் மகனுக்கு பர்மா என்றால் பீச் ஸ்டேஷன் பக்கத்து அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை, அவ்வளவுதான். அந்த வீடியோவைப் பார்த்த பிறகுதான் “அத்தை, அங்கே என்ன நடக்குது?” என்று கேட்டான். அதற்கு முன் ஒரு நாளும் கேட்டதில்லை.

ரங்கூன் முத்து:
சரிம்மா, மறுநாள் கேட்டானா? விஷயத்தைக் கழற்றிப் போட்டால்தான் மீம் ஓடும். 2019 மே மாதம் பாகிஸ்தான் ஃபேஸ்புக் பக்கம் ஒன்றில் சுத்தியல் படம் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நம் ஆள் ஒருவர் வடிவேலு நடித்த நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியலைச் சொல்லப்போக, நேசமணி 2001இல் வந்த ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தின் பாத்திரம் என்றே தெரியாதவர்களும் அவருக்காகப் பிரார்த்தித்தார்கள். அதில் யாருக்கும் நஷ்டமில்லை, அந்தச் சுத்தியல் சினிமாவில் விழுந்தது. இந்த வண்டிகள் நம் ரோட்டில் போனவை.

பகோ குமார்:
முத்து அண்ணே, 2021 பிப்ரவரி 4ஆம் தேதி ராணுவம் ஃபேஸ்புக்கை மூடியது. தடையைச் சுற்றிப் போக விபிஎன் போட்டு இழுத்தால் நீள வீடியோ பாதியில் நின்றுவிடும், சின்னப் படம் போய்ச் சேர்ந்துவிடும். நாங்கள் மீம் அனுப்பியது அதனால்தான். 2020இல் தாய்லாந்து, ஹாங்காங், தைவான் பிள்ளைகள் பால் டீயை அடையாளமாக வைத்து ஜனநாயகத்துக்காக ஒரு கூட்டணி என்றார்கள். அடுத்த வருடம் நம் லபெயே (பர்மா பால் டீ) கோப்பையையும் பக்கத்தில் வரைந்தார்கள். அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கமே இல்லை, நம்மையும் யாரோ நினைக்கிறார்கள் என்று.

ரங்கூன் முத்து:
தம்பி, அந்தக் கோப்பையை நானும் மற்றவர்களுக்கு அனுப்பினேன். அதில் நாம் யார் என்று இருந்தது. இந்த வீடியோவில் ஆடிய பெண்ணின் கதி என்ன? பச்சைத் திரை வைத்து எடுத்தது, பொய் என்றார்கள். அதே இடத்தில் முன்பு எடுத்த தன் வீடியோக்களை அவர் எடுத்துப் போட்டுக் காட்ட வேண்டி வந்தது.

கமாயுட் செல்வி:
அது தப்புதான் அண்ணே. அதற்காக அந்தத் தம்பியை அழிக்கச் சொல்லாதீர்கள். அழித்தால் அடுத்து வரும் பிள்ளைகளுக்கு அதுவும் இருக்காது.

ரங்கூன் முத்து:
அழிக்க வேண்டாம். வடிவேலுவுக்குக் கீழே தேதியையும் ஊரையும் எழுதிப் போடட்டும். நானே பத்துக் குழுவுக்கு அனுப்புகிறேன்.