ஒரே ஸ்ட்ரெயின், ஆனால் ஒரு காலனியில் மட்டும் ஃபேஜ் வேலை செய்யவில்லை

கோழிக்கறியிலிருந்து எடுத்த கேம்பைலோபாக்டர் ஜெஜுனி என்ற, வயிற்றுப்போக்கு தரும் பாக்டீரியாவை வைத்து எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் செய்கிறேன். ஒரே பிளேட்டில் எடுத்த இரண்டு காலனிகளில் ஒன்றை ஃபேஜ் (பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்) கரைத்துவிடுகிறது, இன்னொன்றைத் தொடவே இல்லை. சீக்வென்ஸ் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று பைப்லைன் (சீக்வென்ஸை அலசும் மென்பொருள் தொடர்) சொல்கிறது. கன்டாமினேஷனா? கைடு "திரும்பச் செய்" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பாலி_ஜி:
திரும்பச் செய்தாலும் இதே பஞ்சாயத்துதான் வரும். இந்தக் கிருமியின் கேப்சூல் (வெளி உறை), எல்ஓஎஸ் (வெளிச்சவ்விலுள்ள சர்க்கரை-கொழுப்பு மூலக்கூறு) இரண்டின் சர்க்கரைகளையும் கட்டும் மரபணுக்களில் பலவற்றுக்குள் டிஎன்ஏவின் ஜி எழுத்து எட்டு, ஒன்பது, பத்து என்று வரிசையாக நிற்கும். நகலெடுக்கும்போது பாலிமரேஸ் அங்கே வழுக்கி ஒரு ஜி கூடினாலோ குறைந்தாலோ ரீடிங் ஃப்ரேம் (மும்மூன்று எழுத்தாகப் படிக்கும் வரிசை) கெட்டு மரபணு அணைந்துவிடும், பிறகு இன்னொரு வழுக்கலில் திரும்ப எரியும். நகல் பிழைகளைத் திருத்தும் மிஸ்மேட்ச் ரிப்பேரும் இதில் வேலை செய்வதில்லை என்பதால் இது அடிக்கடி நடக்கும். 2000இல் இந்தக் கிருமியின் 11168 என்ற ஸ்ட்ரெயினின் ஜீனோம் வெளியானபோதே இந்த ஜி வரிசைகள் எல்லோர் கண்ணிலும் பட்டன. எஃப்336 என்ற ஃபேஜ் கேப்சூலில் ஒட்டியிருக்கும் மெத்தில் பாஸ்போரமிடேட் என்ற வேதிக்குழுவைத்தான் பிடிக்கும், அதை ஒட்டவைக்கும் சிஜே1421 மரபணு அணைந்தால் அதற்குப் பிடிமானமே இல்லை. உங்கள் ஃபேஜ் எந்த ரகம்? ஃப்ளாஜெல்லாவை (கிருமி நீந்த உதவும் வால்) பிடிப்பதாக இருந்தால் கதையே வேறு, முதலில் மென் அகாரில் இரண்டும் நீந்துகிறதா என்று பாருங்கள்.

வெட்லேப்:
பைப்லைனை நம்பாதீர்கள். இப்படி ஒரே எழுத்து நீளும் இடத்தில் வரும் இன்டெல்களை (எழுத்து கூடுதல், குறைதல்) பிழை என்று நினைத்துப் பல மென்பொருள்கள் வடிகட்டிவிடும். மூல ரீடுகளைத் திறந்து அந்த இடத்தில் ஜி எத்தனை என்று நீங்களே எண்ணுங்கள், இல்லையென்றால் ஃப்ளோரசன்ட் ப்ரைமர் போட்டு பிசிஆர் துண்டின் நீளத்தை அளந்துவிடலாம், மலிவு.

கேட்டவர்:
மென் அகாரில் இரண்டும் நன்றாகவே பரவுகின்றன. அப்படியானால் கேப்சூல்தான். ஒரு ஜி-யால் இவ்வளவு மாறுமா?

பாலி_ஜி:
மாறும். அதே 11168இல் டபிள்யூஎல்ஏஎன் மரபணுவில் எட்டு ஜி இருந்தால் எல்ஓஎஸ் நம் நரம்பிலுள்ள ஜிஎம்1 கேங்க்ளியோசைடு என்ற சர்க்கரை-கொழுப்பு மூலக்கூறு போலிருக்கும், ஒன்பதானால் கடைசி காலக்டோஸ் விழுந்து ஜிஎம்2 மாதிரி ஆகிவிடும். இந்தக் கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தவர்களில் சுமார் ஆயிரத்தில் ஒருவருக்குப் பின்னால் கில்லன் பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோய்) வருவது இந்த வேஷத்தால்தான்: கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி நரம்பையும் தாக்குகிறது. சரி, உங்கள் வேலைக்கு வருவோம். சிஜே1421ஐயும் பக்கத்திலுள்ள கேப்சூல் மரபணுக்களையும் எண்ணிவிட்டு, இரண்டு காலனிகளையும் இன்றே மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் போடுங்கள். சப்கல்ச்சர் (புதுப் பிளேட்டுக்கு மாற்றி வளர்ப்பது) செய்துகொண்டே போனால் ஒவ்வொரு பிளேட்டும் மரபணு எரிவதும் அணைந்ததும் கலந்த கூட்டமாகிவிடும்.