காபித் தோட்டத்துக்குள் வீடு கட்டி விற்கலாமா?

மலைத்தச்சன்:
கொடைக்கானல் கீழ்மலையில் பண்ணைக்காடு - தாண்டிக்குடி சாலையை ஒட்டி 2 ஏக்கர் காபித் தோட்டம் விலைக்கு வருகிறது. உள்ளே சில்வர் ஓக், பலா, நிழலுக்கு விட்ட பழைய காட்டு மரங்கள். வாங்கி 4 வீடு கட்டி விற்க நினைக்கிறேன். ஒரே அச்சு வீடுகள் இல்லை. முதலில் ஆள் வரட்டும், அப்புறம் அவர் கேட்கிறபடி வரைபடம். மரம் வெட்டாமல், சரிவில் தூண் நிறுத்திக் கட்டுவேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

காபிக்காடு:
வேண்டாம் அண்ணே. இதே மலையில் காபியும் மிளகும் போடுகிறவன் நான். நீங்கள் வீட்டை மட்டும் கணக்கில் வைக்கிறீர்கள். வீட்டு வாசல்வரை கார் போக வேண்டும், அதற்குச் சரிவை அறுத்துப் பாதை போட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த மண் நிற்காது. 2009 நவம்பரில் நீலகிரியில் சில நாள் மழைக்கே மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்தது தண்ணீர். கீழே இருக்கிற தோட்டங்கள் ஓடையில் குழாய் போட்டுத்தான் குடிக்கின்றன. மேலே 4 வீட்டுக் கழிவு இறங்கினால் அவர்கள் எங்கே போவார்கள்?

மலைத்தச்சன்:
தம்பி, நான் வாங்காவிட்டால் அந்தத் தோட்டம் தோட்டமாகவே இருக்கும் என்கிறீர்களா? உரிமையாளருக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் சென்னையில். காபி பறிக்க ஆள் இல்லை. அடுத்து வருகிறவர் 5 சென்ட் மனையாகப் பிரிப்பார். பாதை போக 30 மனைக்கு மேல் தேறும், ஒரு மரம் மிஞ்சாது. நான் 4 வீட்டோடு நிறுத்துகிறேன். மற்ற இடம் காபியாகவே இருக்கும். இதைவிட நல்ல வழி இருந்தால் சொல்லுங்கள், கேட்கிறேன்.

தாய்ப்பத்திரம்:
இரண்டு பேரும் காகிதத்தை மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் தாய்ப்பத்திரம்வரை பின்னால் போங்கள். அது பெரிய எஸ்டேட்டிலிருந்து பிரிந்ததா என்று பாருங்கள். 1949 தனியார் காடுகள் சட்டத்தின்கீழ் வரும் நிலமென்றால், அந்தச் சட்டப்படி அமைந்த குழுவின் முன் அனுமதி இல்லாத கிரயம் செல்லாது. ஹாகா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் கிராமம் இருக்கிறதா? 1955 மலைப்பகுதி மரங்கள் சட்டப்படி சொந்தப் பட்டாவில் நிற்கிற மரத்தையும் கேட்காமல் வெட்ட முடியாது. கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட 1996 டிசம்பர் 12 உத்தரவும் உண்டு: காடு என்றால் அகராதி சொல்கிற பொருளில் காடு, யார் பெயரில் இருந்தாலும். அதனால் பத்திரப்பதிவு அலுவலகத்தோடு நிற்காமல் வனத்துறையிலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

காபிக்காடு:
இதைத்தான் நானும் சொல்ல வந்தேன். பட்டா இருக்கிறது, பதிவும் ஆகிவிட்டது என்று நம்பித்தான் நீலகிரி சீகூரில் பலர் ரிசார்ட் கட்டினார்கள். 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லிச் சீல் வைத்தார்கள். 2020 அக்டோபரில் யானை வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பே வந்துவிட்டது.

மலைத்தச்சன்:
சீகூர் அறிவிக்கப்பட்ட வழித்தடம். இது சாலையோரத் தோட்டம். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

காபிக்காடு:
அறிவிப்பைப் பார்த்தா யானை நடக்கிறது? கீழ்மலையில் யானையும் வருகிறது, காட்டுமாடும் வருகிறது. காபிச் செடிக்கு நடுவே அவை கடந்து போய்விடும். வீடு வந்தால் வேலி வரும். திருப்பி விடப்பட்ட காட்டுமாடு பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் வரும், அங்கே வேலைக்குப் போகும் பெண்கள்தான் அதன் எதிரே நிற்பார்கள். என் கோபம் முழுக்க இதில்தான்.

கொத்தனார்மகன்:
நான் சிவில். தூண் மேல் கட்டுவது சரியான முறைதான், மண்ணை வெட்டி மட்டமாக்குவதைவிட எவ்வளவோ மேல். ஆனால் கூரைத் தண்ணீரை எங்கே விடுவீர்கள்? ஒரே குழாயில் சரிவில் கொட்டினால் அங்கேயே மண் அரித்துத் தூணின் காலடி வெளியே வரும். கல் வடிகால் போட்டு இயற்கையான ஓடைவரை கொண்டு போங்கள். கழிவுத் தொட்டி ஊற்றுக்கு மேல் பக்கம் வரவே கூடாது. இதற்கு இடம் விட்டால் 4 வீடு வராது, 2 வரும்.

வாங்கப்போகிறவள்:
இப்படி ஒரு வீடு தேடுகிறவள் நான். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வீட்டைக் கையில் கொடுத்த 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை வந்தால் கட்டியவரே 30 நாளில் சரிசெய்ய வேண்டும் என்கிறது. உங்கள் வேலை அதன்கீழ் வராவிட்டாலும் ஒப்பந்தத்தில் அதை எழுதுவீர்களா?

மலைத்தச்சன்:
எழுதுகிறேன் அம்மா. 2 வீடு என்றால் லாபம் பாதியாகும், ஆனாலும் சாலையோரமே நிறுத்தினால் புதுப் பாதை வெட்ட வேண்டாம். யோசிக்கிறேன். வேலி போடக் கூடாது என்று கிரயத்திலேயே போட்டுவிட்டால் சம்மதமா தம்பி?

காபிக்காடு:
உங்களிடம் வாங்குபவர் அதன்படி நடப்பார். அவரிடம் வாங்குபவர்?

தாய்ப்பத்திரம்:
சொத்து மாற்றச் சட்டம் 40ஆம் பிரிவைப் பாருங்கள். நிபந்தனை தெரிந்தே வாங்கியவரையும் அது கட்டுப்படுத்தலாம். ஆனால் அதைக் கேட்டு நீதிமன்றம் போக ஒருவர் வேண்டும். அந்த உரிமையைப் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் கொடுத்து எழுதுங்கள்.

காபிக்காடு:
அப்படி எழுதினால் முதல் கையெழுத்து நான் போடுகிறேன். அதுவரை என் பதில் வேண்டாம்தான்.