பொருள்: ‘ரோலிங் ரெசிஸ்டன்ஸ்’ – உருளும் உராய்வா, வேறு சொல்லா?

குழுவினர்க்கு வணக்கம்.

சென்ற மாதம் காரின் நான்கு டயர்களையும் மாற்றினேன். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 17ஐத் தாண்ட மறுக்கிறது. கடைக்காரரிடம் சண்டைக்குப் போய், ‘ரோலிங் ரெசிஸ்டன்ஸ்’ என்ற சொல்லோடு திரும்பி வந்தேன். இதைக் கட்டுரையாக எழுதுகிறேன். பாடநூல் வழக்கான ‘உருளும் உராய்வு’ போதுமா?

———

ஐயா,

போதாது. ‘உராய்வு’ என்றால் புது டயர் சாலையை அதிகம் தேய்க்கிறது என்றுதான் வாசகர் நினைப்பார். இழப்பு நடப்பது ரப்பருக்குள்ளே. சாலையைத் தொடும் இடத்தில் டயர் நசுங்குகிறது, விலகியதும் நிமிர்கிறது. நசுக்கச் செலவான ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பி வருவதில்லை. மிச்சம் வெப்பமாகப் போகிறது. ஓடி நின்ற டயரைத் தொட்டுப் பாருங்கள். இந்த இழப்புக்குப் புதுச் சொல் தேட வேண்டாம். ‘ஹிஸ்டெரிசிஸ்’ எனப்படும் இதே குணத்தைக் காந்தவியலில் ஏற்கெனவே ‘தயக்கம்’ என்கிறோம். பழைய நிலைக்குத் திரும்ப ரப்பரும் தயங்குகிறது!

புது டயரில் பட்டன் (சாலையைத் தொடும் பக்கத்தில் துருத்தி நிற்கும் ரப்பர்க் கட்டிகள்) சுமார் 8 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். நசுங்கி நெளியும் ரப்பர் அதிகம் என்பதால் இழப்பும் அதிகம். 1.6 மில்லிமீட்டருக்குத் தேய்ந்த டயர் இலேசாக உருளும். ஆனால் மழையில் வழுக்கும். இந்த எதிர்ப்பு 10 விழுக்காடு கூடினால் எரிபொருள் செலவு 1 முதல் 2 விழுக்காடு கூடும். தேய்ந்த டயரின் சுற்றளவு குறைவு என்பதால், பழைய டயரில் ஓடோமீட்டர் தூரத்தைச் சற்றுக் கூட்டியே காட்டியிருக்கும். ஆக, உங்கள் 18 கொஞ்சம் பொய்க் கணக்கு. கடைக்காரரை மன்னித்துவிடுங்கள்.

ஐரோப்பாவில் 2012 முதல் டயரில் ஒட்டும் தரச்சீட்டையே பாருங்கள். எரிபொருள் சிக்கனம் ஒரு வரிசை, ஈரச்சாலைப் பிடிப்பு இன்னொரு வரிசை. இரண்டையும் உராய்வு என்றால் ‘உராய்வு குறைந்து, உராய்வு கூடிய டயர் வாங்குங்கள்’ என்று எழுத நேரும். மின்தடை, காற்றுத்தடை வரிசையில் ‘உருள்தடை’ என்பது என் பரிந்துரை.

———

வினைத்தொகையாகப் பிரித்தால் ‘உருளும் தடை’ ஆகிறதே! மலையிலிருந்து பாறை உருண்டு வந்து வழி மறிப்பது போல இருக்கிறது. ‘உருளல் தடை’ என்றால் குழப்பமில்லை.

———

அம்மா, ஆடுகளம் ஆடுவதில்லை, குடிநீர் குடிப்பதில்லை. உருள்தடையும் உருள வேண்டியதில்லை. பெயர்ச்சொல்லாகக் கொண்டு புணர்த்தினால்தான் ஆபத்து: ‘உருட்டடை’ என்று வரும், தொட்டுக்கொள்ள வெல்லம் கேட்பார்கள். இன்னொன்று, கலைச்சொல் மேலும் சொற்களோடு சேர வேண்டும். கலவையில் சிலிக்கா சேர்த்து மிஷ்லின் நிறுவனம் 1992இல் கொண்டுவந்த வகையை ‘குறை உருள்தடை டயர்’ எனலாம். நடுவில் ‘உருளல்’ வந்தால் நாக்கு தடுக்குகிறது.

———

இருவருக்கும் நன்றி. கட்டுரையில் ‘உருள்தடை’யும் ‘தயக்க இழப்பு’ம் ஏறிவிட்டன. ‘பட்டன்’ அப்படியே இருக்கட்டும். பட்டறையில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஓடோமீட்டருக்குத் தனி இழை தொடங்குகிறேன்.