எங்கட ஆக்கள் (லண்டன்) குழு: சாமத்திய வீட்டுக் கடிதம்

பெரியப்பா: 📷 படம்

பெரியப்பா: இன்றைக்கு வந்தது. அபியின் சாமத்திய வீட்டன்று ஹாலுக்குப் பக்கத்துக் கார் பார்க்கில் என்னுடைய கார் 3 மணி 10 நிமிடம் நின்றதாம். 100 பவுண் தண்டம். 14 நாளுக்குள் என்றால் 60. கட்டிவிடப் போகிறேன். இந்த வயதில் கோர்ட் வாசல் மிதிக்க முடியாது.

சித்தி: ஐயோ அத்தான், கட்டாதீர்கள். முந்தி எங்களுக்கும் நாலைந்து கடிதம் வந்தது, குப்பையில் போட்டோம். ஒன்றும் நடக்கவில்லை.

குகன் அத்தான்: மாமி, அது பழைய காலம். ஓட்டியது யார் என்று தெரியாவிட்டால் அப்போது காசு கேட்க வழியில்லை. 2012 அக்டோபரில் சட்டம் மாறிவிட்டது. இப்போது கார் யார் பொறுப்பில் பதிவாகியிருக்கிறதோ அவரிடமும் கேட்கலாம். அவர்தான் கடிதத்தில் இருக்கும் ‘கீப்பர்’. விலாசத்தை டிவிஎல்ஏ, அதுதான் வாகனப் பதிவு அலுவலகம், 2.50 பவுணுக்குக் கொடுக்கிறது.

நிலா அக்கா: இரண்டரைப் பவுணுக்கு அப்பாவை விற்றுவிட்டார்கள் 😂

குகன் அத்தான்: மாமா, முதலில் இது தண்டமே இல்லை. தலைப்பில் ‘பார்க்கிங் சார்ஜ்’ என்றுதான் இருக்கிறது. கவுன்சில் போடுவது ‘பெனல்டி சார்ஜ்’. இரண்டையும் பி.சி.என். என்பதால்தான் குழப்பம். இது ஒரு கம்பனியின் பில். போர்டில் 2 மணி நேரம் என்று இருந்தது, மீறினீர்கள், ஒப்பந்தப்படி காசு தாருங்கள் என்கிறார்கள். அதற்காகச் சும்மா விடவும் முடியாது. செம்ஸ்ஃபோர்டில் பீவிஸ் என்பவர் 56 நிமிடம் கூடுதலாக நின்றதற்கு 85 பவுண் கேட்டார்கள். 2015இல் சுப்ரீம் கோர்ட் வரை போயும் தோற்றார்.

தர்சன்: சித்தப்பாவுக்கும் வந்ததே?

சித்தப்பா: கவுன்சில். மஞ்சள் கோடு. கட்டியாச்சு.

சித்தி: 🚫 இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குகன் அத்தான்: நன்றி மாமி. யார் ஓட்டியது என்று ஒருவரும் எழுத வேண்டாம்.

நிலா அக்கா: நான் வாசித்துவிட்டேன்

பெரியப்பா: நானும்தான். ஐஸ் வாங்கப் போனவனுக்கு 3 மணி நேரமா?

மயூரன்: 👀

குகன் அத்தான்: கேளுங்கள் மாமா. கேமரா பிடித்தால், கீப்பருக்குக் கடிதம் 14 நாளுக்குள் வந்திருக்க வேண்டும். விழா மே 3. கடைசி நாள் 17. கடிதத்தில் இருப்பது 15, வியாழன். தபாலில் போட்டால் இரண்டாவது வேலை நாளில் கிடைத்ததாகத்தான் கணக்கு. வெள்ளி ஒன்று, திங்கள் இரண்டு. 19 ஆகிவிட்டது! இனி ஓட்டியவரிடம்தான் கேட்கலாம். அது யார் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. ‘நான் கீப்பர்’ என்று மட்டும் எழுதி அப்பீல் போடுவோம். மறுத்தால் போப்லா என்ற தனி அப்பீல் அமைப்புக்குப் போகலாம், செலவில்லை. அங்கே தோற்றால் 60 இல்லை, 100.

பெரியப்பா: ஜப்தி செய்கிற பெய்லிஃப் வந்து டிவியைத் தூக்கினால்?

குகன் அத்தான்: வரமாட்டான். கடன் வசூலிக்கிற டெட் கலெக்டர் 70 பவுண் கூட்டிக் கேட்டுக் கடிதம் போடுவான், அவ்வளவுதான். ஆனால் வழக்குக்கு முன் வரும் ‘லெட்டர் பிஃபோர் கிளெய்ம்’, கோர்ட் படிவம் இரண்டில் எது வந்தாலும் உடனே எனக்கு அனுப்புங்கள். பதில் போடாவிட்டால் சி.சி.ஜே., அதாவது காசு கட்டச் சொல்லும் கோர்ட் தீர்ப்பு, விழும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் 6 வருடம் பதிவில் நிற்கும்.

பெரியப்பா: நான் பொய் எழுத மாட்டேன்.

குகன் அத்தான்: பொய் இல்லை மாமா. சொல்லாமல் விடுகிறோம்.

பெரியப்பா: கலியாணப் பேச்சிலும் உங்கள் வீட்டார் அப்படித்தான்.

நிலா அக்கா: அப்பா 🙏

சித்தப்பா: அண்ணா, காசை நான் தருகிறேன். எங்கள் வீட்டு விசேஷம்தானே.

பெரியப்பா: வேண்டாம். மேடைக்குத்தான் கூப்பிடவில்லை, கடிதமாவது என் பெயரில் வந்ததே.

சித்தி: கூப்பிட்டோம் அத்தான். நீங்கள் சாப்பாட்டு வரிசையில் நின்றீர்கள். வீடியோவில் இருக்கிறது.

தர்சன்: வீடியோ வந்துவிட்டதா? லிங்க்?

சித்தி: அடுத்த கிழமை. என்னுடைய பெரிய சில்வர் தட்டு யாரிடம்? பலகாரம் கொண்டுபோனது.

நிலா அக்கா: எங்களிடம் சின்னத் தட்டுத்தான்

குகன் அத்தான்: மாமா, கடிதத்தை இரவைக்கு எழுதித் தருகிறேன். அதுவரை கட்டாதீர்கள். கட்டினால் கதை முடிந்தது.

பெரியம்மா: அவர் கோயிலுக்குப் போய்விட்டார். பாங்க் கார்டும் கையோடு.

மயூரன்: கடைசியில் நான் பெரியப்பாவுக்கு 60 தருவதா, 100ஆ?

குகன் அத்தான்: மயூரன்!!! அழி.