பழைய கிராபிக்ஸ் கார்டு: திரையில் பச்சைக் கட்டங்கள், அப்புறம் கருப்பு. கார்டு போய்விட்டதா, வேறு ஏதாவதா?

பழையபெட்டி:

வணக்கம். என்னிடம் இருப்பது 2017 வாக்கில் வந்த கார்டு. 8 ஜிபி ஜிடிடிஆர்5 நினைவகம், ஒரே ஒரு 8 பின் பவர் இணைப்பு. கம்பெனி பெயரைச் சொன்னால் இழை சண்டைக் களமாகிவிடும் என்பதால் சொல்லவில்லை. இத்தனை வருடம் ஒரு தொந்தரவும் தந்ததில்லை. இப்போது கொஞ்ச நாளாக, கேம் ஓட ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆனதும் சுவர், தரை மாதிரி இடங்களில் சின்னச் சின்னப் பச்சைக் கட்டங்கள் தெரிகின்றன, அவை மெல்லப் பெருகுகின்றன, அப்புறம் திரை கருப்பாகிவிடும். சில நேரம் தானாகத் திரும்பி வரும், சில நேரம் பவர் பட்டனைப் பிடித்து அணைத்தால்தான் உண்டு. பிரவுசர், வீடியோ எதிலும் பிரச்சினை இல்லை. ஜிபியூ சூடு 74 டிகிரியைத் தாண்டுவதில்லை. ஈவென்ட் வியூவரில் (விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடு) 4101 என்று வரிசையாக நிற்கிறது, டிஸ்ப்ளே டிரைவர் பதில் சொல்லவில்லை, மீண்டுவிட்டது என்று. டிரைவரை டிடியூ (மிச்சமில்லாமல் நீக்கும் கருவி) போட்டுச் சுத்தமாக அழித்து மறுபடி போட்டாயிற்று. சேஃப் மோடில் எவ்வளவு நேரம் விட்டாலும் ஒன்றும் ஆவதில்லை, அதனால் டிரைவர்தான் காரணமோ என்றும் ஒரு நப்பாசை. பவர் சப்ளையும் கார்டு வயதுதான். எதை முதலில் மாற்றுவது?

அடுப்படிவைத்தியன்:

சகோ, கார்டைக் கழற்றி ஓவனில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். என் பழைய கார்டு அப்படித்தான் பிழைத்தது.

மூன்றாம்பின்:

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள், காரணத்தைப் பிறகு எழுதுகிறேன். எதையும் மாற்றவும் வேண்டாம் இப்போதைக்கு. முதலில் இவற்றுக்குப் பதில் சொல்லுங்கள்:

கட்டங்கள் தெரியும்போது ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை மொபைலிலோ வேறு கணினியிலோ திறந்து பாருங்கள். அங்கேயும் கட்டங்கள் இருக்கின்றனவா?

திரை கருப்பாகும்போது கேமின் சத்தம் தொடர்கிறதா, இல்லை மொத்தப் பெட்டியும் அணைந்து திரும்ப எழுகிறதா? ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41, அதாவது கணினி முறையாக மூடாமல் அணைந்ததற்கான பதிவு, இருக்கிறதா?

நன்றாகச் சூடாக இருக்கும்போதே ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) போனால் அங்கே படம் சுத்தமா?

சேஃப் மோடு நப்பாசையை மட்டும் இப்போதே விட்டுவிடுங்கள். சேஃப் மோடில் விண்டோஸ் தன்னுடைய அடிப்படை டிஸ்ப்ளே டிரைவரைத்தான் போடுகிறது. கார்டு சும்மா படம் காட்டும், அவ்வளவுதான். முப்பரிமாண வேலை இல்லை, நினைவகம் முழு வேகத்துக்கு ஏறாது, சூடும் ஏறாது. கால் உடைந்தவன் படுத்திருக்கும்போது வலிக்கவில்லை என்றால் கால் சரியாகிவிட்டது என்று அர்த்தமா?

பழையபெட்டி:

மூன்றாம்பின், நன்றி. ஸ்கிரீன்ஷாட்டை மொபைலில் பார்த்தேன், அதிலும் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. கருப்பானதும் சத்தம் சில நொடிகள் ஓடுகிறது, பிறகு ஒரே ஒலியில் மாட்டிக்கொண்டு இழுக்கிறது. 41 இருக்கிறது, ஆனால் நான் பட்டனைப் பிடித்து அணைத்த நேரங்களோடு மட்டும் ஒத்துப்போகிறது. பயாஸில் சூடாக இருக்கும்போதும் சுத்தம்.

மூன்றாம்பின்:

இதுவே பாதி விடை. ஸ்கிரீன்ஷாட்டில் கட்டம் இருக்கிறது என்றால் மானிட்டர், கேபிள், கார்டின் வெளியீட்டு போர்ட் எல்லாவற்றையும் விட்டுவிடலாம், ஏனென்றால் படம் அந்த வழியாகப் போவதற்கு முன்பே கெட்டிருக்கிறது. (ஸ்கிரீன்ஷாட் சுத்தமாக இருந்திருந்தால் கார்டு நல்லது என்று சொல்லிவிட முடியாது, போர்ட் பக்கம் கோளாறு இருக்கலாம். உங்கள் கேஸில் அந்தக் குழப்பம் இல்லை.)

பவர் சப்ளை மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. அது திணறும்போது பெரும்பாலும் பெட்டி பட்டென்று அணையும், அல்லது தானாக ரீஸ்டார்ட் ஆகும். சத்தம் தொடர்ந்து, 4101 பதிவாகிறது என்றால் கணினி உயிரோடு இருக்கிறது, கார்டுதான் பதில் சொல்லவில்லை. விண்டோஸ் 2 நொடி காத்திருந்து டிரைவரை உதறி எழுப்புகிறது. இந்த 2 நொடியை ரெஜிஸ்ட்ரியில் நீட்டினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். அது நோயை ஒளித்துவைக்கும், தீர்க்காது.

ஆனாலும் ஒருமுறை பவரைப் பார்த்துவிடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோவில் (சூடு, மின்னழுத்தம் காட்டும் மென்பொருள்) 12 வோல்ட் அளவு வேலை நேரத்தில் எங்கே நிற்கிறது? விதிப்படி 5 சதவிகிதம் மேலே கீழே போகலாம், அதாவது 11.4 வரை. மென்பொருள் காட்டும் அளவு துல்லியமானதல்ல, ஆனால் கார்டுக்கு வேலை வந்ததும் மளமளவென்று சரிந்தால் தெரிந்துவிடும். 8 பின் கேபிளைக் கழற்றி மறுபடி அழுத்திச் செருகுங்கள், பின்களில் கருகல் இருக்கிறதா என்று பாருங்கள். கார்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட், 8 பின்னிலிருந்து 150 வாட் வரை எடுக்கலாம், அந்தக் கேபிள் தளர்ந்திருந்தால் எல்லா வேடிக்கையும் நடக்கும்.

அடுத்து, டிரைவர் சந்தேகத்தை ஒழித்துக்கட்ட ஒரு லினக்ஸ் லைவ் யுஎஸ்பி போதும், பென் டிரைவிலிருந்தே ஓடும், நிறுவ வேண்டியதில்லை. டிரைவரே வேறு, இயங்குதளமே வேறு. அங்கேயும் அதே கட்டங்கள் வந்தால் விண்டோஸ் டிரைவரைத் திட்டுவதை நிறுத்திவிடலாம்.

அப்புறம் மெம்டெஸ்ட் வல்கன். இது கார்டின் நினைவகத்தைச் சோதிப்பது. பலர் மெம்டெஸ்ட்86 போட்டுவிட்டு மெமரி நல்லதுதான் என்று வந்து நிற்பார்கள், அது மதர்போர்டில் இருக்கும் ராமுக்கானது, இதற்குச் சம்பந்தமில்லை. கார்டு குளிர்ந்திருக்கும்போது ஒரு ஓட்டம், நன்றாகச் சூடானபின் ஒரு ஓட்டம். ஃபர்மார்க் என்ற சுமைச் சோதனையில் பாஸ் ஆனால் போதும் என்று நினைக்க வேண்டாம், அது சிப்பையும் (ஜிபியூவை) மின் பாகங்களையும்தான் வறுக்கும், நினைவகத்தை முழுக்க நிரப்பிச் சரிபார்ப்பதில்லை.

சிறுதிருகு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். சிப்புக்கும் அதைக் குளிர்விக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இருக்கும் பேஸ்ட் காய்ந்துபோயிருக்கும், மாற்றினால் சரியாகிவிடும், இதற்கு ஏன் இவ்வளவு சோதனை?

மூன்றாம்பின்:

சிறுதிருகு, பேஸ்ட் காய்ந்திருந்தால் சிப் சூடு 90க்குப் பக்கத்தில் போய் வேகம் குறையும். இவருக்கு 74. ஆனால் நீங்கள் பாதி சரி, ஏனென்றால் அந்த 74 சிப்பின் சூடு மட்டுமே. ஜிடிடிஆர்5 கார்டுகளில் பெரும்பாலும் நினைவகச் சூட்டைக் காட்டும் சென்சாரே கிடையாது. சிப் குளுகுளுவென்று இருக்க, பக்கத்தில் ஒரு நினைவகச் சில்லு வெந்துகொண்டிருக்கலாம், நமக்குத் தெரியாது. அங்கே வெப்பத்தைக் கடத்துவது பேஸ்ட் அல்ல, தெர்மல் பேட், அதாவது மெத்தென்ற வெப்பம் கடத்தும் பட்டை.

ஓவன் விஷயம். சிப்புக்கும் அது உட்கார்ந்திருக்கும் தட்டுக்கும் நடுவே நுண்ணிய சாலிடர் முனைகள் இருக்கும், சூடாகிக் குளிர்ந்து சூடாகி அவை விரிசல் விடும். 2008ல் என்விடியா தன் லேப்டாப் சிப்களில் இந்த மாதிரிப் பொருள் கோளாறு என்று சொல்லி 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது நினைவிருக்கலாம். ஓவன் வைத்தியம் பரவியதும் அந்தக் காலத்துக் கார்டுகளால்தான். சூட்டில் அந்த விரிசல் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும், சில வாரத்தில் திரும்பப் பிரியும். ஈயம் இல்லாத சாலிடர் உருக 217 டிகிரியைத் தாண்ட வேண்டும், அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் கனெக்டர், கெபாசிட்டர் எல்லாம் கெடும், வரும் புகையோ சமைக்கிற அடுப்பில். தவிர இவருக்குப் பயாஸ் சுத்தமாகவே வருகிறது, பிரச்சினை அந்த வகை போலவே இல்லை.

பழையபெட்டி:

செய்து பார்த்தேன். 12 வோல்ட் 11.9க்குக் கீழே இறங்கவில்லை, கேபிள் பின்கள் சுத்தம். லினக்ஸிலும் அதே கட்டங்கள், ஆக டிரைவர் தப்பித்தது. மெம்டெஸ்ட் வல்கன் குளிர்ந்த நிலையில் பிழை ஒன்றும் காட்டவில்லை. கேம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு உடனே போட்டால் பிழைகள் கொட்டுகின்றன. பக்கக் கதவைத் திறந்து ஒரு டேபிள் ஃபேனைக் கார்டின் மேல் திருப்பி வைத்தால் பிழை வர ரொம்ப நேரம் ஆகிறது. இது பேட்தானா, இல்லை சில்லே போய்விட்டதா?

மூன்றாம்பின்:

நினைவகம் என்பது உறுதி. பேடா சில்லா என்பது திறந்தால்தான் தெரியும். வாரண்டி எப்போதோ முடிந்திருக்கும், எனவே தைரியமாகத் திறக்கலாம், ஆனால் சிப்பைச் சுற்றியுள்ள நாலு திருகையும் எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள், ஹீட்சிங்கை வெடுக்கென்று இழுக்காதீர்கள், ஃபேன் வயர் போர்டில் மாட்டியிருக்கும். ஒட்டிக்கொண்டால் மெல்லத் திருகி அசையுங்கள். இந்தக் கார்டில் 1 ஜிபி வீதம் எட்டுச் சில்லு இருக்கும், எட்டின் மேலும் பேடின் தடம் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பேடின் தடிமன்தான் இதில் எல்லோரும் கோட்டை விடும் இடம். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் 1.5 போட்டால் ஹீட்சிங்க் தூக்கிக்கொள்ளும், சிப்பின் மேல் சரியாக உட்காராது, நினைவகம் குளிர்ந்து சிப் கொதிக்கும். பழைய பேடின் நசுங்காத ஓரத்தை அளந்து அதே அளவில் வாங்குங்கள். எப்படியும் திறக்கிறீர்கள், பேஸ்டையும் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் துடைத்துப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

பழையபெட்டி:

திறந்தேன். ஏழு சில்லில் தடம் அழகாகப் பதிந்திருந்தது. பவர் பகுதிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்றில் பேட் பாதி விலகி, எண்ணெய் கசிந்து, கல் மாதிரி இறுகிக் கிடந்தது. எல்லா பேடும் புதிது போட்டாயிற்று. இப்போது கேமில் ஒரு மணி நேரம் வரை கட்டமே இல்லை! ஆனால் அதற்கு மேல் போனால் சோதனையில் அங்கொன்று இங்கொன்றாகப் பிழை வருகிறது.

மூன்றாம்பின்:

அந்தச் சில்லு நெடுநாள் வெந்து பலவீனமாகியிருக்கிறது. ஆஃப்டர்பர்னரில் (கார்டின் வேகத்தை மாற்றும் மென்பொருள்) நினைவக வேகத்தை 2000 மெகாஹெர்ட்ஸிலிருந்து 50, 50ஆகக் குறைத்து, ஒவ்வொரு படியிலும் சூடான நிலையில் சோதியுங்கள். பிழை நின்ற இடத்துக்கு இன்னும் 50 கீழே வைத்துவிடுங்கள். ஃபேன் வளைவையும் (எந்தச் சூட்டில் ஃபேன் எவ்வளவு வேகம் என்ற அமைப்பு) ஏற்றுங்கள், 50, 60 டிகிரிக்குக் கீழே ஃபேன் நின்றுவிடும் வசதி இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

சிறுதிருகு:

சில்லை மாற்ற முடியாதா?

மூன்றாம்பின்:

முடியும். சாலிடரை உருக்கும் ஹாட் ஏர் நிலையம், சாலிடர் உருண்டைகளை வரிசையாக வைக்கும் ஸ்டென்சில், அதே ரகச் சில்லு, கை பழக்கம் எல்லாம் வேண்டும். எந்தச் சில்லு என்பதையும் ஊகமாக அல்லாமல் சோதித்து உறுதி செய்ய வேண்டும். இந்த வயதுக் கார்டுக்கு நான் செய்ய மாட்டேன். உங்களுக்குக் கற்றுக்கொள்ள ஆசை என்றால் இதைவிட நல்ல பலியாடு கிடைக்காது, அது வேறு.

பழையபெட்டி:

1850ல் பிழை நின்றது, 1800ல் வைத்திருக்கிறேன். கேமில் ஃபிரேம் கொஞ்சம்தான் குறைந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியாக ஒன்று: இதே கணினியில்தான் வீடியோ எடிட் செய்து வெளியே அனுப்புகிறேன். அதற்கு இதை நம்பலாமா?

மூன்றாம்பின்:

கேமுக்கு நம்பலாம், ஒரு கட்டம் தெரிந்தால் சிரித்துவிட்டுப் போகலாம். எடிட்டுக்கு வேண்டாம். இறுதிக் கோப்பை உருவாக்கும்போது ஜிபியூவை விட்டுவிட்டு சிபியூவில் ஓட்டுங்கள், நேரம் கூடும், ஆனால் ஒரு பிரேம் கெட்டு யார் கண்ணிலாவது படும் சங்கடம் இல்லை. ஆஃப்டர்பர்னர் அமைப்பு விண்டோஸ் தொடங்கியதும் தானாக ஏறும்படி டிக் போட்டிருக்கிறீர்களா பாருங்கள், ரீஸ்டார்ட் ஆனால் பழையபடி 2000க்குப் போய்விடும். அப்புறம், இதை விற்கும் எண்ணம் இருந்தால் வாங்குபவரிடம் 1800 கதையைச் சொல்லிவிடுங்கள்.

பழையபெட்டி:

டிக் போடவில்லை, இப்போதுதான் போட்டேன். விற்கவில்லை. புதிது வாங்கும் வரை இதுவே ஓடட்டும்.